குடுமிக் கணக்கு

சியாலாவின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
ரியோனி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி
டயர் கடைக்கு அடுத்து
எந்த ஜன்னல் வியர்த்திருக்கிறதோ அது.

ஞாயிறு இரவு. எட்டுப் பேர்.
ஆறு நாற்காலி, ஒரு முக்காலி,
மடியில் உட்காரும் வயதைத் தாண்டிய
என் மகன் இலோ
என் மடியில்.

ஐம்பது கின்காலி என்றார் என் கணவர் நுக்சர்.
அறுபது, என்றான் கோச்சா, அவர் தம்பி.
மக்வாலா சந்தையில் வெங்காயம் விற்பவள்,
எழுபதில் தொடங்கி இறங்கி வரலாம் என்றாள்.
சியாலாவின் மகள் யாரையும் கேட்காமல்
நாற்பது என்று எழுதிக்கொண்டு போனாள்.
எங்கள் வயிறு அவளுக்குத் தெரியும்.
பையும் தெரிந்திருக்கலாம்.

ஆவி பறக்க வந்தது தட்டு.
குடுமியைப் பிடித்துத் தூக்க வேண்டும்.
சாய்க்கக் கூடாது.
அடியில் சின்னதாக ஒரு கடி, முதலில் சாறு,
அவசரப்பட்டவன் நாக்கு வெந்து
சாமி பெயரைச் சொல்லுவான்.
குடுமியைத் தின்னக் கூடாது, தட்டிலேயே வை.
அதுதான் கணக்கு.
தன் குடுமிகளில் நான்கை
மனைவி தோதோவின் தட்டுக்குத் தள்ளிவிட்டு
"நான் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன்" என்றான் பத்ரி.
வருஷம் பன்னிரண்டாக அதே பொய்.

மது பத்ரி வீட்டு ஜாடியிலிருந்து.
நுக்சர் எழுந்து நின்று கோப்பையை உயர்த்தினார்,
இங்கே இல்லாதவர்களுக்கு என்றார்.
பிறகு டயர் கடைக்கு என்றார்.
பாட்டில் ஆலை மூடி ஏழாவது வாரம்.
அதற்கென்று யாரும் உயர்த்தவில்லை.

எங்களுக்குள் பணம் கொடுப்பதில்தான்
எப்போதும் குடுமிப்பிடி.
கோச்சா ஒருமுறை அண்ணனின் கோட்டை ஒளித்துவைத்தான்,
உள்ளே பர்ஸோடு.
போன ஈஸ்டருக்கு நுக்சர் சாப்பிடும் முன்பே
கட்டிவிட்டுச் சொல்லாமல் இருந்தார்,
தெரியாமல் பத்ரியும் கட்டினான்,
சியாலா வாங்கிக்கொண்டாள்.

இன்றைக்கும் பத்ரி கழிப்பறைக்கு எழுந்தான்.
கோச்சா சிகரெட்டுக்கு.
நுக்சர் உப்புக் கேட்கப் போனார்,
உப்பு மேசையிலேயே இருந்தது.
குடுமி சும்மா ஆடாது என்று
ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

கோட்டு, மப்ளர், கன்னத்தில் முத்தம், மறுபடி முத்தம்.
பாதிப் பாலத்தில் மக்வாலா கேட்டாள்:
"இன்றைக்கு யார் கொடுத்தது?"

கீழே ஆறு சத்தமாக ஓடியது.
காதுமடல் விறைக்கும் குளிர்,
ஆனாலும் எனக்கு முகம் சுட்டது.
நானும் போனேனே கல்லாவுக்கு,
இலோவின் கையைக் கழுவுகிற சாக்கில்.
பர்ஸைத் திறந்து பார்த்தேன், மூடினேன்,
பல்குத்தும் குச்சி ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு
திரும்பினேன்.

நான் வாயைத் திறப்பதற்குள்
கோச்சா பையிலிருந்து கையை எடுத்தான்.
கையில் குச்சி.
பத்ரியிடம் ஒன்று.
நுக்சர் நெடுநேரம் தேடினார்,
கோட்டின் உள்பையில் அகப்பட்டது.

முதலில் சிரித்தது தோதோதான்.
பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு
உட்கார்ந்தே விட்டாள்.

அப்போதுதான் ஓடி வந்தாள் சியாலாவின் மகள்,
கோட்டுகூடப் போடாமல்.
இலோவின் குல்லாயை நீட்டினாள்.
அவ்வளவுதான்.
மூச்சு வாங்க "நல்லிரவு" என்று சொல்லிவிட்டுத்
திரும்பி ஓடினாள்.

விளக்குக் கம்பத்தின் அடியில் பைகளைக் கவிழ்த்தோம்.
பஸ் டிக்கெட், வெங்காயத் தோல், சில்லறை,
தோதோவின் காலுறைக்குள் மடித்த ஒரு நோட்டு,
அதைப் பற்றி பத்ரிக்கு ஒன்றும் தெரியாது.

மேசையை இன்னும் துடைக்கவில்லை.
சியாலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு
விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்:
முப்பத்தெட்டு.
எண்ணிக் கொடுத்தோம்.
மக்வாலாவின் உள்ளங்கையில் ஒரே ஒரு நாணயம் மிச்சம்.

"நாற்பது" என்றான் இலோ.
"ரெண்டு குடுமியை நான் தின்னுட்டேன்."

என் விரல் அவன் தொடையைக் கிள்ளியதை
இங்கே மறைக்கவில்லை.

சியாலா அவனைப் பார்த்தாள்,
பிறகு எங்களை, ஒவ்வொருவராக.
கல்லா மேலிருந்த குச்சிப் பெட்டியை
எங்கள் பக்கம் நகர்த்தினாள்.
"ரெண்டு போகட்டும். இதைத் திருப்பி வையுங்கள்,
இன்றைக்கு இதுதான் நிறையப் போயிருக்கிறது."

வரிசையில் நின்று வைத்தோம்.
பத்ரியுடையது பாதி மென்றிருந்தது.